கேரட் தோட்டத்துக்கு வந்த பாலைக்குருவி

என் பிடிவாதக்கார அம்மா, இப்போதாவது உன் கோபம் ஆறிவிட்டதா?

முதலில் வீட்டு நிலவரம். அப்பா நன்றாக இருக்கிறார். தானே சமைத்துக்கொள்கிறார், ரசத்தில் மட்டும் இன்னும் புளி தூக்கலாக விழுகிறது. பக்கத்து வீட்டு நாயைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது. பின்பக்கம் நீ வைத்த மேரக்காய்க் கொடியை ஒரு காட்டெருமை வேலியோடு சேர்த்து மிதித்துவிட்டுப் போனது. நான் கோவையில் அதே அலுவலகம், அதே விடுதி அறை. உன்னிடம் சொல்லும்படி வேறு எதுவும் நடக்காததால்தான் இத்தனை மாதம் எழுதவில்லை. இப்போது ஒன்று நடந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உன் பாலைக்குருவி வந்திருக்கிறது. அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள்.

இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள். போன தை மாதம் ஒரு காலையில் நீ எனக்குப் போன் செய்தாய். நான் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். "அம்மணி, நம்மூட்டுக்குக் கீழ கேரட் பறிச்ச தோட்டத்துல ஒரு குருவி நிக்குது. நெட்டுக்குத்தலா நிக்குது, அப்பறம் எலியாட்டம் ஓடுது. பறக்கறப்ப முதுகு செங்கப்பொடி கலருல இருக்குது. இது நம்மூருக் குருவியே இல்ல," என்றாய். உனக்கு மூச்சு வாங்கியது. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள மேட்டை நீ ஓடி ஏறியிருக்க வேண்டும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கழுத்தில் பைனாகுலர் ஆட, நீ ஓடி வருவதைக் கோவைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே மனதில் பார்த்தேன்.

பறவைப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி அதற்கு நீயே பெயரும் கண்டுபிடித்துவிட்டாய். புத்தகத்தில் இருந்தது அது தரையில் நிற்கிற படம் மட்டும்தான். மத்திய ஆசியாவின் வறண்ட சமவெளிகளில் பிறந்து, குளிருக்கு ராஜஸ்தான், குஜராத் பக்கம் வந்து போகும் ஒரு மணல் நிறக் குருவி. நம் மலைக்கு வழி தவறினால்தான் வரும். அதன் ஆங்கிலப் பெயர் உன் வாயில் நுழையவில்லை. பாலைக்குருவி என்று வைத்துக்கொண்டாய். கேத்திப் பள்ளத்தாக்கில் பறவை பார்க்கிறவர்களின் வாட்ஸப் குழுவில், புத்தகத்தைப் பார்த்து எழுதி, ஆங்கிலப் பெயரைப் போட்டாய். படம் இல்லை. உன்னிடம் இருந்தது பைனாகுலர் மட்டும்தான்.

குழுவை நடத்துகிற போஜன் சார் ஒரே வரியில் பதில் போட்டார். "பெண் புதர்ச்சிட்டாக இருக்கலாம்." நம் வேலிக் கம்பிகளில் வருடம் முழுவதும் உட்கார்ந்திருக்கிற, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த அந்தப் பழுப்புக் குருவி. அந்த 'இருக்கலாம்' உன்னை எப்படிச் சுட்டது என்று எனக்குத் தெரியும். நீ குழுவைவிட்டு வெளியேறினாய். அப்புறம் அந்தக் குளிர்காலம் முடியும்வரை ஒவ்வொரு விடியலிலும் அந்தத் தோட்டத்தில் போய் நின்றாய். அது திரும்ப வரவே இல்லை. ஆடியில் நீயும் போய்விட்டாய்.

இந்த மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை, அலுவலகத்தில் இருந்தபோது, குழுவில் ஒரு படம் வந்தது. (உன் இடத்தில் என்னைச் சேர்த்திருந்தார்கள். நான் அதில் ஒரு வார்த்தை எழுதியதில்லை.) நம் வீட்டுக்குக் கீழே ஓடும் ஓடைக்கு அந்தப் பக்கம், வெறும் மண்ணில், நெட்டுக்குத்தலாக நிற்கிற மணல் நிறக் குருவி. சந்தேகத்துக்கு இடமில்லாத படம். அதற்குக் கீழே போஜன் சார் எழுதியிருந்தார்: "மறைந்த நம் அம்மையார் சென்ற ஆண்டே இதைப் பார்த்துச் சொன்னார். நாம்தான் காது கொடுக்கவில்லை. பொங்கல் கூட்டத்தில் முதலில் கண்டவர் என்று அவர் பெயரையே வாசிப்போம்."

அந்த வழக்கம் உனக்குத் தெரியாததா? பொங்கல் விடுமுறையில் எல்லோரும் கூடி, அந்த வருடம் பள்ளத்தாக்குக்குப் புதிதாக வந்த பறவைகளையும் அவற்றை முதலில் கண்டவர்களையும் வாசிப்பார்கள். பெயர் வாசிக்கப்பட்டவர் எழுந்து நிற்க வேண்டும். அத்தனை பேருக்கும் குன்னூர் வர்க்கி, அந்த மொறுமொறு அடுக்கு ரொட்டி, வாங்கித் தர வேண்டும். எத்தனை பொங்கலுக்கு மற்றவர்கள் வாங்கிய வர்க்கியைத் தின்றுவிட்டு வந்து, "நெய்யே இல்ல, டால்டா" என்று குறை சொல்லியிருக்கிறாய்.

அன்று அலுவலகத்தில் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தேன். திரும்ப வந்து உட்கார்ந்தேன். திரும்ப எழுந்தேன். யாராவது கேட்டால் என்ன சொல்வது? ஒரு குருவியைப் பார்க்கப் போக வேண்டும் என்றா? மேலாளரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு மேட்டுப்பாளையம் பேருந்தில் ஏறினேன். பர்லியாறு வளைவுகளில் ஏறும்போது போனில் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். அது அதற்குள் பறந்து போயிருந்தால்? அல்லது, போகாமல் இருந்தால்? எது எனக்குப் பயம் என்றே புரியவில்லை.

வீட்டில் அப்பா ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"கேட்டியா அம்மணி? போஜன் சாரே போன் பண்ணிட்டாரு. முப்பத்தி ரெண்டு வருசம் குடித்தனம் பண்ணியிருக்கறேன். அவ சொல்லி ஒண்ணு பொய்யானதே இல்ல. அதுதான் எனக்குத் தொந்தரவே."

"நாளைக்குக் காலைல போய்ப் பார்க்கறேன்ப்பா."

"போய்ப் பாரு. நான் குன்னூர் போயி வர்க்கிக்குச் சொல்லிட்டு வந்துட்டேன். நெய் வர்க்கி. அவ சார்பா நான் எந்திரிச்சு நிக்கணுமாம்." சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார், இப்போதே பெயரைக் கூப்பிட்டுவிட்டதுபோல. "என்ன சட்டை போடறது?"

நீ போன பிறகு எந்தச் சட்டையைப் போடுவது என்று அவர் யாரையும் கேட்டதில்லை, அம்மா. கிடைத்ததைப் போட்டுக்கொண்டுதான் திரிந்தார்.

காலையில் உன் பைனாகுலரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஓடைக்கு அந்தப் பக்கம் போனால் ஒரு கல்யாணக் கூட்டம். கோவையிலிருந்தும் மைசூரிலிருந்தும் கார்கள். காட்டுப் பச்சைச் சட்டைகள், பீரங்கிபோல நீளக் கண்ணாடி மாட்டிய கேமராக்கள். நம் வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். இத்தனை வருடத்தில் அந்த வரப்பில் நீயும் நானும் தவிர வேறு யாரும் பறவை பார்த்து நான் கண்டதில்லை.

தோட்டத்தில் கேரட் பறித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வரிசையாகக் குனிந்து பிடுங்க, மண் புரண்டு கிடந்தது. புரண்ட மண்ணில் புழு பூச்சிக்காகக் குருவி அவர்களுக்குப் பின்னாலேயே வரும் என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் நான் போன நேரம் குருவியைக் காணோம். கேமராக்காரர் ஒருவர் பெண்களிடம் கையெடுத்துக் கும்பிட்டு, கொஞ்ச நேரம் வேலையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார், குருவி பயந்துவிடுமாம். அவர்களும் சரியென்று வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க," என்றாள் அவர்களில் ஒருத்தி, யாரிடம் என்றில்லாமல். "எங்களுக்கு லீவு குடுத்தீங்க. குருவியும் லீவு போட்டுருச்சு பாருங்க."

"அதுக்குச் சம்பளத்தோட லீவு, உனக்கு?" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். கேமராக்காரரும் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார்.

"கண்ணு, இந்தக் குருவிய என்ன பண்ணுவாங்க? கறிக்கா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள் முதல் பெண்.

"பார்ப்பாங்க."

"பார்த்துப்போட்டு?"

"பார்த்துப்போட்டு ஊருக்குப் போவாங்க," என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

தோட்டக்காரர் வந்து சத்தம் போட, வேலை மறுபடி தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ அது வந்து மண்ணில் நின்றது.

அம்மா, அது எத்தனை சாதாரணமாக இருந்தது தெரியுமா? மண்ணாங்கட்டி ஒன்றுக்குக் கால் முளைத்த மாதிரி. மார்பை நிமிர்த்தி நின்றது, சட்டென்று ஓடியது, நின்றது, திரும்ப ஓடியது. நெட்டுக்குத்தலாக. எலியாட்டம். உன் வார்த்தைகள் ஒவ்வொன்றாக என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தன. பக்கத்தில் கேமராக்கள் மழைத்தூறல்போலச் சத்தமிட்டன. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. யாரும் பார்க்கக் கூடாது என்று கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்கவே இல்லை.

அப்புறம் அது பறந்தது. பறந்தபோது முதுகின் கீழ்ப்பக்கம், வால் தொடங்கும் இடம், வெள்ளை. சுண்ணாம்பு வெள்ளை. வால் நுனி கறுப்பு.

இன்னொரு முறை பறக்கட்டும் என்று காத்திருந்தேன். பறந்தது. வெள்ளை. வெளிச்சம் ஏமாற்றுகிறதோ என்று இடம் மாறி நின்று பார்த்தேன். வெயிலிலும் நிழலிலும் வெள்ளைதான். செங்கற்பொடி எங்கேயும் இல்லை.

நீ தவறியும் நிறத்தில் தப்பு செய்கிறவள் இல்லை. ஜவுளிக்கடையில் புடவையைத் தெருவுக்கு எடுத்து வந்து வெயிலில் பார்த்த பிறகுதான் வாங்குவாய். கடைக்காரர் 'ரோஸ்' என்றால் 'இது வெங்காயச் சருகு' என்பாய். நீ செங்கற்பொடி என்று சொன்னால் அது செங்கற்பொடிதான். அப்படியானால் நீ பார்த்தது இந்தப் பறவை இல்லை.

வேலிக் கம்பியில் இருக்கும் பெண் புதர்ச்சிட்டுக்கு முதுகின் கீழ்ப்பக்கம் செம்மண் நிறம் என்பது எனக்கும் தெரியும். நினைவு அங்கேதான் போனது. போஜன் சார் சொன்னதுதான் சரியா?

யாருக்கும் இது தெரியாது. செங்கற்பொடியை நீ என்னிடம் மட்டும்தான் சொன்னாய். குழுவில் பெயரை மட்டும் போட்டாய். அவரும் வேறெதுவும் கேட்கவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் பொங்கலன்று உன் பெயர் வாசிக்கப்படும். அப்பா நல்ல சட்டை போட்டுக்கொண்டு எழுந்து நிற்பார். செத்துப்போனவர்களுக்குச் சின்ன மரியாதை ஒன்று கிடைப்பதில் யாருக்கு நஷ்டம்? இந்தக் கேள்வியை எத்தனை விதமாகத் திருப்பிக் கேட்டுக்கொண்டேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். வரப்பின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஒரு காலில் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது.

போஜன் சாரே என்னைத் தேடிக்கொண்டு வந்தார். தலையில் வெள்ளைத் துண்டு, கையில் பிளாஸ்க்.

"வந்திட்டியாம்மா. பார்த்தியா? உங்கம்மாகிட்ட நேர்ல மன்னிப்புக் கேக்க எனக்குக் கொடுத்து வைக்கல. கூட்டத்துல கேக்கறேன்."

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? அம்மா இப்ப உயிரோட இருந்திருந்தா, படம் இல்லாம அவங்க சொன்னத இன்னைக்கு ஏத்துக்குவீங்களா?"

அவர் டீயை மூடியில் ஊற்றினார். "அவங்க இருந்திருந்தா நான் நிறைய கேள்வி கேட்டிருப்பேன்," என்றார். "இப்ப கேக்க ஆளில்ல. அதனால ஏத்துக்கறேன். தப்பாம்மா?"

"அவங்க பார்த்த குருவிக்கு முதுகு வெள்ளை இல்லீங்க சார். செங்கல் பொடி கலரு. எங்கிட்டச் சொன்னாங்க."

சொல்லிவிட்டேன், அம்மா. சொன்னதும் உன்னை இரண்டாவது முறை மண்ணுக்குக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

அவர் மூடியைக் கீழே வைத்தார். "அப்ப புதர்ச்சிட்டு," என்று தொடங்கியவர், நிறுத்தினார். "வேற என்ன சொன்னாங்க?"

"எலியாட்டம் ஓடுச்சுன்னாங்க."

"ஓடுச்சா? தரையிலயா? கம்பியில உக்காரலையா?"

"ஓடுச்சுன்னுதான் சொன்னாங்க."

"புதர்ச்சிட்டு அப்படி ஓடாதும்மா." குரல் தணிந்துவிட்டது. "கம்பியில இருந்து கீழ வரும், பூச்சிய எடுக்கும், மேல போயிரும். இப்படி ஓடறது இந்தப் பாலைக்குருவிக் குடும்பம்தான்." குருவி பக்கம் திரும்பினார். "இந்தக் குடும்பத்துலயே இன்னொண்ணு இருக்கு. முதுகும் வாலும் சிவப்பு. குஜராத்துல கட்ச் பக்கம் ஒரு தடவை பார்த்திருக்கேன். நம்ம மலைக்கு அது வந்ததா நான் கேள்விப்பட்டதே இல்ல."

பெண்களுக்குப் பின்னால் அது மறுபடி ஓடி நின்றது.

"இருக்கலாமுங்களா சார்?" என்றேன்.

தான் போன வருடம் எழுதிய அதே சொல் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முகம் அப்படி மாறியது. "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். புதர்ச்சிட்டு ஒரு நாள் நாலடி ஓடியிருக்கலாம். அன்னைக்கே நான் வந்து பக்கத்துல நின்னிருக்கணும். முதுகு என்ன கலருங்க அம்மான்னு ஒரு கேள்வி. அத நான் கேக்கல." பிறகு, "இந்தக் குருவிக்கு அவங்க பேர வாசிக்க முடியாதும்மா," என்றார்.

"வேண்டாமுங்க. அவங்களே ஒத்துக்க மாட்டாங்க."

"ஆமா. மேடைக்கே வந்து சண்டை போட்டிருப்பாங்க," என்றார். சிரித்தோம். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

வீட்டுக்கு ஏறி வரும்போதுதான் அப்பாவின் ஞாபகம் வந்தது. அவர் கட்டிலின்மேல் இரண்டு சட்டைகளை விரித்து வைத்திருந்தார்.

"அதேதானா?"

"இல்லப்பா. அம்மா பார்த்தது இது இல்ல. பேர் தப்பு."

அவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், வெள்ளை முதுகு, செங்கற்பொடி, கட்சில் இருக்கும் இன்னொரு குருவி. அவர் ஒரு சட்டையை மடிக்கத் தொடங்கினார். மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். உடைந்துவிடப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் தோள் குலுங்கியது சிரிப்பில்.

"அவளுக்குத் தப்பாயிருச்சா? அவளுக்கா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அட, இத அவ இருக்கறப்பக் கண்டுபிடிச்சிருந்தா நான் ஒரு வாரமாவது நிமிந்து நடந்திருப்பேனே."

"தப்புன்னும் முழுசாச் சொல்ல முடியாதுப்பா. இதைவிட அபூர்வமான குருவியாக்கூட இருக்கலாம்னு சார் சொல்றாரு."

"அதானே பார்த்தேன்," என்றார் அப்பா. சிரிப்பு நின்றுவிட்டது. "செத்த பொறவும் ஜெயிக்கப் பார்க்கறா."

வர்க்கியை என்ன செய்வது என்று கேட்டேன். சொன்னது சொன்னதுதான், பேர் வாசிக்காவிட்டாலும் கூட்டத்தில் எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்றார். சட்டை ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். அது நீலமா சாம்பலா என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

இப்போது உன்னிடம் கேட்கிறேன். அன்றைக்கு நீ என்னதான் பார்த்தாய்? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடாது என்று தெரிந்தேதான் போனில் சொன்னாயா? உன் மரணத்தைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். எந்த மருத்துவமனை, எந்தப் படுக்கை, டாக்டர் என்ன சொன்னார். தெரியாமல் எதுவும் மிச்சமில்லை, அதனால்தான் அது அப்படிக் கனத்தது. இந்தக் குருவி விஷயத்தில் மட்டும் உன்னைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று இன்னும் இருக்கிறது. அதை நினைத்தால் உட்கார முடியவில்லை. ஆனால் இது வேறு மாதிரி உட்கார முடியாமை.

இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கும்படி ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். என் பெயர் அச்சில் வருவதே எனக்குக் கூச்சம் என்பது உனக்குத் தெரியும். ஆனால் முதலில் கண்டவர் நீதான் என்று ஏற்கெனவே பலர் பல குழுக்களில் எழுதிவிட்டார்கள். இரக்கத்தில் எழுதியது. உன்னைத் தெரிந்தவர்கள் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். ஆகவே திருத்தம்: கேத்தியில் இந்த வருடம் வந்த பாலைக்குருவியை என் அம்மா பார்க்கவில்லை. அவள் பார்த்தது வேறு ஒன்று.

வரும் குளிர்காலத்தில் மார்கழி, தை இரண்டு மாதமும் இங்கே வந்திருந்து வேலை செய்ய அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வருவேன். கேரட் பறித்த தோட்டமாகப் பார்த்து, விடியலில் போய் நிற்பேன். செங்கற்பொடி முதுகோடு ஒன்று ஓடினால், அது எதுவானாலும், உள்ளது உள்ளபடி சொல்வேன். வேலிக் கம்பியின் புதர்ச்சிட்டு இறங்கி வந்து ஓடினாலும் அதையும் மறைக்காமல் உனக்கு எழுதுவேன். யாராவது இரக்கப்பட்டு உன்னைச் சரி என்றால் மறுப்பேன். யாராவது சிரித்து உன்னைத் தப்பு என்றால், வாருங்கள், வந்து என்னோடு குளிரில் நின்று பாருங்கள் என்று கூப்பிடுவேன். பார்க்காமல் ஒரு பெயரும் உனக்கு வைக்கவிட மாட்டேன், அம்மா.

இப்படிக்கு,
நீ போனில் கூப்பிட்டால் இன்னமும் முதல் மணியிலேயே எடுக்கக் காத்திருக்கும்
உன் ஒரே மகள்